புலமைப்பரிசில் ஒரு நாள், பள்ளிக்கூடம் ஐந்து வருடம்



தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிவிட்டால் நம்ம லயங்களில் வேறு பேச்சே கிடையாது. கொழுந்து மடுவத்திலும் அதுதான், தண்ணிப் பீலியிலும் அதுதான். "உங்க புள்ள பாஸாகிருமா?" என்று கேட்காத ஆள் இல்லை. பிள்ளைக்கு விளையாட்டு நின்றுபோகிறது. டியூஷன் கூடுகிறது. அடியும் கூடுகிறது. பெறுபேறு வந்த அன்றைக்கு, புள்ளி குறைந்த பிள்ளை காம்பராவை விட்டு வெளியே வர வெட்கப்பட்டு உள்ளேயே கிடக்கிறது. அதற்குப் பத்து வயதுதான்!

அந்தப் பரீட்சை எதற்கு வைக்கிறார்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஐந்து வருடத்தில் உண்மையிலேயே என்ன நடக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

நம்ம பாட்டன் காலத்தில் ஐந்தாம் வகுப்புதான் படிப்பின் எல்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டத்துரைமாரிடம் கொடுத்தது. பல இடங்களில் ஒரு வாத்தியார், ஒரு காம்பரா, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1970களின் கடைசியில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரைக்கும் ஐந்து முடிந்தால் அனேகம் பிள்ளைகளுக்கு அடுத்தது மலைதான்.

அந்தப் பழைய பயம் இன்னும் நம்ம மனதை விட்டுப் போகவில்லை. "அஞ்சாம் வகுப்புல தவறினா வாழ்க்கையே போச்சு" என்கிறோம். ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. 5 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது கட்டாயம் என்ற விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த வயதை 16 ஆகக் கூட்டினார்கள். ஆகவே தரம் 5 முடிவு அல்ல, பாதி வழிகூட அல்ல.

பரீட்சை எதற்கு?

இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுக்கும் பிள்ளைகளில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப் பணம் கிடைக்கும். பெரிய பாடசாலைகளில் சேரவும் வாய்ப்புக் கிடைக்கும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறும். இருக்கிற இடங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வதுதான் அதன் வேலை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளையை அது "ஃபெயில்" ஆக்குவதில்லை. அந்தப் பிள்ளையும் தரம் 6க்குப் போகும், சாதாரண தரம் எழுதும், உயர்தரமும் எழுதலாம்.

பிள்ளை முயற்சி செய்யட்டும், நல்லது. ஆனால் ஒரு நாள் பரீட்சைக்காக ஐந்து வருடத்தையும் பலி கொடுக்கக்கூடாது.

இடாப்பில் பேர்

பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து இடாப்பும் அப்படித்தான். "இன்னிக்கு ஒரு நாள்தானே, தம்பியப் பாத்துக்க" என்று வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை நிறுத்துகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம். அதில் ஒரு நாள் போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஐந்து வருடத்துக்கும் சேர்த்தால் ஒரு முழு வருடப் படிப்பே இல்லாமல் போகிறது! பிறகு எந்த டியூஷன் அதை ஈடு செய்யும்?

சின்னப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடுங்கள், பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாமல் ஒரு ரொட்டித் துண்டாவது வயிற்றில் போட்டு அனுப்புங்கள். பசியோடு இருக்கிற பிள்ளைக்குக் கரும்பலகை கண்ணில் படாது.

விளையாட்டும் பாடம்தான்

"ஸ்கூலுக்குப் போனா வெளையாடிட்டுத்தான் வருது" என்று சில தாய்மார் குறைப்படுகிறார்கள். 1999இல் தரம் 1இலிருந்து தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் கற்பிக்கும் முறையே மூன்றாக வகுக்கப்பட்டது: விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. சின்ன வகுப்பில் விளையாட்டுக்குத்தான் கூடுதல் இடம். அரசாங்கமே தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறது.

இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். தேசிக்காய் ஓட்டத்தில் பிள்ளை அவசரத்தை அடக்கப் பழகுகிறது. அஞ்சல் ஓட்டத்தில் அடுத்தவன் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்கப் பழகுகிறது. தோற்றால் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்கு நிற்கப் பழகுகிறது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அன்றைக்குத் தன் இல்லத்தின் பேரைச் சொல்லிக் கத்துவதை டீச்சர்மார் கவனிப்பார்கள். அடுத்த நாள் அதே பிள்ளை வாசிக்கவும் எழுந்து நிற்கும்.

ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்து மலைச்சரிவுகளில் சமதரையான மைதானம் கிடைப்பது லேசில்லை. தோட்டத்து மைதானம்தான் பள்ளிக்கூடத்துக்கும் மைதானம். ஆகவே போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தகப்பன்மார் சிரமதானம் செய்து புல் வெட்டி, கல் பொறுக்கிக் கொடுங்கள். பொம்பளைப் பிள்ளை என்று சொல்லி ஓட்டத்திலிருந்து நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் வந்து கை தட்டுங்கள். பிள்ளை பரிசை விட உங்களைத்தான் தேடும்.

கூடப் படிக்கிறவன் கூடப் பிறந்தவன் மாதிரி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் நம்ம பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த நேரம் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தங்கியதும் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில்தான். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சோற்றில் பாதியைக் கொடுக்கிற கூட்டாளி வேண்டும். அந்தக் குணம் திடீரென்று வராது. தினசரி சின்னச் சின்ன விஷயத்தில் பழகினால்தான் வரும்.

நம்ம பள்ளிக்கூடங்களில் அம்மா வெளிநாட்டுக்குப் போய், அம்மாயி வளர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சப்பாத்து இல்லாத பிள்ளை, திக்கிப் பேசுகிற பிள்ளை, கால் ஏலாத பிள்ளை எல்லாரும் இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளை நாளைக்கு வயிற்று வலி என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பட்டப்பெயர் அனேகமாக நம்ம வாயிலிருந்துதான் பிள்ளை காதுக்குப் போகிறது. லயத்தில் பெரியவர்கள் வாயை அடக்கினால் வகுப்பில் பாதிச் சண்டை குறையும்.

மாலையில் "எத்தனை புள்ளி?" என்று மட்டும் கேட்காமல், "இன்னிக்கு யாரோட வெளையாண்ட? யாருக்காச்சும் உதவி செஞ்சியா?" என்றும் கேளுங்கள்.

பாடம் ஏறாத பிள்ளை

"மக்கு" என்று முடிவு கட்ட முன்பு காரணத்தைத் தேடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை தப்பாகத்தான் எழுதும். காது மந்தமான பிள்ளை சொன்னதைச் செய்யாது. பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது கண்ணையும் காதையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சின்னப் பள்ளிக்கூடங்களில் ஒரே டீச்சர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் இடங்களில் பிந்திய பிள்ளை கண்ணில் படாமல் போகலாம். ஆகவே நீங்களாகவே போய் விசாரியுங்கள். "எங்களுக்குப் படிப்பு இல்லயே, என்னத்தக் கேக்குறது?" என்று தயங்க வேண்டாம். "புள்ள வாசிக்கிறானா சேர்?" என்ற ஒரு கேள்வி போதும்.

வீட்டில் சொல்லிக் கொடுக்கவும் வழி உண்டு. காலையில் 7 கிலோ, பகலில் 6 கிலோ, பின்னேரம் 5 கிலோ கொழுந்து எடுத்தால் மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். உங்கள் சம்பளச் சீட்டை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மாயி கதை சொல்லட்டும், பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லட்டும். கணக்கும் மொழியும் அதிலேயே வளரும்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியை மட்டும் மறந்துவிடுங்கள். அடிக்குப் பயந்த பிள்ளை விடையைச் சொல்லாது, பொய்யைத்தான் சொல்லும்.

பெறுபேறு வந்த அன்றைக்கு

கூடப் புள்ளி எடுத்த பிள்ளையைப் பாராட்டுங்கள். குறைய எடுத்த பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, "பரவால்ல சாமி, ஆறாம் வகுப்புல பாத்துக்குவோம்" என்று சொல்லுங்கள். வெறும் வாயால் சொன்னால் போதாது, அதைச் செய்தும் காட்ட வேண்டும். தோட்டத்துச் சின்னப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் தரம் 5க்கு மேலே வகுப்பு இல்லை. அடுத்த பள்ளிக்கூடம் ரோட்டுக்கு இறங்கி, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும். பிள்ளைகள் நம் கையை விட்டு நழுவுவது பரீட்சையில் அல்ல, இந்த இடத்தில்தான்.

ஆகவே தரம் 5 முடிகிற வருடத்திலேயே இந்த நாலு காரியத்தையும் செய்யுங்கள்:

1. தரம் 6க்கு எந்தப் பாடசாலை என்று அதிபரிடம் கேட்டு, விண்ணப்பத்தை நேரத்தோடு கொடுங்கள்.

2. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் இப்போதே தோட்ட அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

3. பஸ்ஸில் போக வேண்டுமானால் மாணவர் பருவச்சீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

4. அதே லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரைச் சேர்த்து, ஒன்றாகப் போய் ஒன்றாக வரச் சொல்லுங்கள். கூட்டாளி கூட இருந்தால் தூரம் தெரியாது, பயமும் இருக்காது.

புள்ளி எத்தனையாக இருந்தாலும், புது வருட வகுப்பு தொடங்குகிற அன்றைக்கு உங்கள் பிள்ளையின் பேர் தரம் 6 இடாப்பில் இருக்க வேண்டும்.