கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள், அக்கா!

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு தம்பி மெதுவாகப் பேச்செடுப்பான். "ஒரு கையெழுத்துதாம்க்கா. சார்பதிவாளர் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போயிரு." அக்கா பள்ளி ஆசிரியையாக இருக்கலாம், வங்கி அதிகாரியாக இருக்கலாம். அலுவலகத்தில் இரண்டு முறை படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதவர், இங்கே பத்திர எழுத்தர் விரல் வைத்துக் காட்டும் இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம். "இனி இந்தச் சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை" என்பதுதான் அதன் சாரம்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் பாய்ந்து, காரும் பிசானமும் விளையும் வயல்கள் நம்முடையவை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். பட்டாவில் மட்டும் அண்ணன் தம்பி பெயர். படிப்பும் வேலையும் வந்துவிட்டன, பங்கு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தெளிவுபடுத்தியது.

தந்தை தானே சம்பாதித்த சொத்து என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்தால் மகன், மகள், மனைவி, தந்தையின் தாயார் எல்லோருக்கும் சம பங்கு. உயில் எழுதியிருந்தால் அதன்படிதான். கிறிஸ்தவக் குடும்பங்களில், உயில் இல்லாதபோது மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு. இஸ்லாமியக் குடும்பங்களில் மகனுடைய பங்கில் பாதி மகளுக்கு. அதையும் யாரும் மறுக்க முடியாது.

"அதான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டோமே" என்பது வீட்டில் சொல்லும் கணக்கு. சீர் செய்ததால் மகளின் பங்கு அழிந்துபோகாது.

எங்கே ஏமாறுகிறோம்?

2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாலோ நடந்து முடிந்த பாகப்பிரிவினையை இப்போது கலைக்க முடியாது. ஆனால் "அந்தக் காலத்திலேயே வாய்மொழியாப் பிரிச்சாச்சு" என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை.

வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பொது அதிகாரப் பத்திரம் இன்னும் ஆபத்தானது. அதை வைத்து உங்கள் பங்கையும் விற்றுவிட முடியும். பத்திரத்தின் தலைப்பு விடுதலையா, பாகப்பிரிவினையா, சர்வே எண்கள் எத்தனை, உங்களுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கும் தொகை உண்மையில் கைக்கு வந்ததா என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் எடுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது என்று மனம் தளர வேண்டாம்; பட்டா மட்டுமே உரிமை மூலம் ஆகாது. தாசில்தாரிடம் ஆட்சேபணை மனு கொடுக்கலாம். அவர் உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பேச்சு பலிக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு பாகப்பிரிவினை வழக்கு. வழக்கோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள். வழக்கு நடக்கும்போது சொத்தை விற்றாலும், வழக்கின் தீர்ப்பு அந்தச் சொத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய கையெழுத்து என்றால், பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை விவரம் தெரிந்த 3 ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். தாமதம்தான் இங்கே பெரிய எதிரி.

வக்கீலுக்குப் பணம் ஏது என்ற கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ உங்கள் வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ மனு கொடுத்தால் போதும். தொலைபேசியில் 15100. மிரட்டல், அடிதடி என்றால் பெண்கள் உதவி எண் 181.

"பங்கு கேட்டா பிறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரும்" என்ற பயம்தான் பலரைப் பேசாமல் வைத்திருக்கிறது. தம்பிக்கு விட்டுக்கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம், அதன் மதிப்பு என்ன என்று தெரிந்து கொடுங்கள். பத்திரத்தை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, வேறொரு வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.