எடைக்கட்டியின் இடத்தில் ஏறிய சிறு கோள்

வானில் ஒரு கோளை ஏவுவது வல்லரசுகளால் மட்டுமே ஆகும் காரியம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கோடிக்கணக்கில் பணமும் பெரும் நிபுணர் குழுவும் இன்றி அது கைகூடாது என்பது நம் கருத்து. ஆனால், பகலில் தத்தம் அலுவல்களைப் பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் வீட்டுக் கொட்டகையில் அமர்ந்து உழைத்த சிலர், இக்கருத்தை 1961-ஆம் ஆண்டிலேயே பொய்யாக்கினர்.

அவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றினாலேயே சொந்த வானொலி நிலையம் அமைத்து, அரசின் உரிமம் பெற்று, தொலைதூர நண்பர்களோடு உரையாடுவோர். இவர்களுள் டான் ஸ்டோனர் என்பார், 'நமக்கென ஒரு கோள் வேண்டும்' என்ற கருத்தை 1959-இல் ஒரு வானொலி இதழில் வெளியிட்டார். கலிபோர்னியாவிலிருந்த அன்பர்கள் அதனைச் செயலாக்க முன்வந்தனர்.

கோளைச் செய்துவிடலாம்; ஏற்றிச் செல்வது யார்? ராக்கெட்டுகளில் சமநிலைக்காக வெறும் எடைக்கட்டிகளை வைப்பது வழக்கம். 'அக்கட்டி ஒன்றின் இடத்தை எங்களுக்குத் தாருங்கள்' என்று இவர்கள் வேண்டினர். நெடிய முயற்சிக்குப்பின் இசைவு கிட்டியது.

இவ்வாறு உருவான 'ஆஸ்கார்-1' சுமார் நாலரை கிலோ எடையுள்ள சிறு பெட்டி. அதன் ஒலிபரப்பியின் ஆற்றல் ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்கே; கைவிளக்கின் பல்பு எரிவதற்கும் அது போதாது. ராக்கெட்டிலிருந்து பெட்டியைத் தள்ளிவிடுவதற்கு உதவியதோ, கடையில் ஏறத்தாழ ஒரு டாலருக்கு வாங்கிய சுருள்வில்!

1961 டிசம்பர் 12 அன்று, அமெரிக்க விமானப்படையின் ராக்கெட்டில் அது விண்ணேறியது. அட்லாண்டிக் கடலைக் கடந்துவந்த முதல் வானொலிக் குறியை மார்க்கோனி கேட்டதும் ஒரு டிசம்பர் 12-ஆம் நாளே. சரியாக அறுபது ஆண்டுகளுக்கு முன்னர். ஆஸ்கார் சொன்ன செய்தி மோர்ஸ் குறியில் 'ஹாய்' என்னும் வாழ்த்து மட்டுமே. அவ்வாழ்த்து ஒலிக்கும் வேகம் பெட்டியின் உள்வெப்பத்திற்கேற்ப மாறும். ஆதலின் கேட்போர் வெப்பநிலையையும் அறிந்துகொள்ளலாம். சூரிய ஒளியால் மின்சாரம் பெறும் வசதி அதற்கில்லை. மின்கலம் ஓயுமுன்னர் கேட்டாக வேண்டும். சுமார் மூன்று வாரமே அது பேசிற்று. அதற்குள் 28 நாடுகளில் 570-க்கு மேற்பட்டோர் அக்குரலைக் கேட்டு எழுதியனுப்பினர்.

பிறர் இவ்வழியைத் தொடர்ந்தனர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஆஸ்கார்-5, 1970-இல் ஏவப்பட்டது. அதன் ஆன்டெனா எதனாலானது தெரியுமா? தச்சர் பயன்படுத்தும் எஃகு அளவு நாடாவினால்! சுருட்டி வைத்தால் அடங்கும். விட்டால் தானே நிமிரும். நம் நாடும் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஹாம்சாட்' கோளை அனுப்பியது. அதிலிருந்த இரு கருவிகளுள் ஒன்றைச் செய்தவர் ஹாலந்து நாட்டு மாணவர். சுமார் ஒன்பது ஆண்டுகள் அக்கோள் பணியாற்றியது.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று சிலர் வினவக்கூடும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும், விலகிச் செல்கையில் தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். இதே மாற்றத்தைக் கொண்டு, தரையிலுள்ள ஒரு சிறு ஒலிபரப்பி எங்கிருக்கிறது என விண்ணிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்பதை, 1972-இல் ஏவப்பட்ட ஆஸ்கார்-6 கொண்டு நடத்திய சோதனைகள் காட்டின. பின்னர்ப் பல நாடுகள் கூடி, இம்முறையில் இயங்கும் மீட்புக் கோள்களை அமைத்தன. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூவர் அவ்வாறு காப்பாற்றப்பட்டனர். அதன்பின் உயிர் பிழைத்தோர் பல்லாயிரவர்.

வெறும் பளுவாக வைக்கப்பட்ட கட்டியின் இடத்தில் ஒரு சிறு பெட்டியை ஏற்றியவர்கள் தொடங்கிய பணி இவ்வளவு தூரம் பயன் தந்துள்ளது. நம் இல்லத்திலும் பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, கம்பிகளுக்கிடையே அமர்ந்திருக்கும் பிள்ளை இருக்கக்கூடும். பெற்றோரே, அவனையோ அவளையோ கடிந்துகொள்ளுமுன் சற்றுப் பொறுத்து, 'என்ன செய்கிறாய்?' என்று அன்போடு கேட்போமாக.