விண்ணப்பம் போட்டாயிற்று, இனி வளாகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்

"யாழ்ப்பாணம் எண்டால் சரி. பேராதனைக்கு நான் விடன்."

காரைநகரில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு அந்த அம்மா இப்படிச் சொன்னபோது, மகள் ஒன்றும் பேசவில்லை. விஞ்ஞானப் பட்டதாரி. நிலத்தடி நீர் பற்றி மேலே படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கிணற்று நீர் உவர்த்து, பவுசர் வரும்வரை குடத்தோடு காத்திருந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. யாழ்ப்பாணம், பேராதனை, சென்னை என்று மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். பேராதனையிலிருந்து நேர்முகத்துக்குத் தயாராக இருக்குமாறு மின்னஞ்சல் வந்திருந்தது.

அம்மாவின் மறுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவருடைய மூத்த அண்ணன் பேராதனையில் பொறியியல் படித்தவர். 1983 மே மாதம் அந்த வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டபோது ஊருக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் ஜூலை வந்தது. இன்று அவர் கனடாவில். அந்த வளாகத்தைப் பற்றி வீட்டில் யாரோடும் பேசியதில்லையாம்.

"அப்ப நீங்கள் இரண்டு பேரும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றேன். படிக்கச் சேருவதற்கு முன்னரே இடத்தைப் பார்க்கப் போவதா என்று அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

எனக்கு அப்படிச் சொல்லத் தகுதி உண்டு. ஊடகக் கற்கையில் பட்டம் முடித்த கையோடு தெற்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமாணிக்குச் சேர்ந்தேன். கற்பித்தல் மொழி ஆங்கிலம் என்று கையேட்டில் இருந்தது. வகுப்புக்குப் போனால் விளக்கம் முழுவதும் சிங்களத்தில். திரையில் மட்டும் ஆங்கிலம். முதல் தவணையோடு விட்டுவிட்டு வந்தேன். கட்டிய காசு கட்டியதுதான். சேருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை போய் அந்த வகுப்பின் வாசலில் நின்றிருந்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை என்று சும்மா சொல்லவில்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடநெறியாக நடக்கும் முதுமாணி வகுப்புகளில் பெரும்பாலானவை வார இறுதியில்தான் நடக்கின்றன. படிப்பவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை போனால் மரங்களையும் கட்டடங்களையும் பார்க்கலாம், படிக்கிறவர்களைப் பார்க்க முடியாது. சனிக்கிழமை மட்டும் போனாலோ அலுவலகம் பூட்டியிருக்கும். எனவே வியாழன் இரவு பஸ் ஏறி, வெள்ளி பகல் அலுவலகத்தையும் விரிவுரையாளரையும் சந்தித்து, சனி காலை வகுப்பு இடைவேளையில் மாணவர்களோடு கதைத்துவிட்டு அன்றிரவே திரும்புவது நல்லது. ஒரு இரவுத் தங்கல்தான் செலவு. நாள் குறிக்கும்போது போயா, பரீட்சைக் காலம், தவணை விடுமுறை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெசாக்கை ஒட்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் போட வேண்டும். நீளமாக வேண்டாம். யார், என்ன படித்தேன், எதற்கு விண்ணப்பித்திருக்கிறேன், எந்த நாள் வருகிறேன், இருபது நிமிடம் தருவீர்களா. இவ்வளவு போதும். எங்கள் பிள்ளைகள் இதற்குத்தான் மிகவும் தயங்குகிறார்கள். பெரிய ஆட்களுக்கு எப்படி நாங்களாக எழுதுவது என்ற கூச்சம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று எழுதலாம், துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். அது மரியாதைக் குறைவு அல்ல.

என்ன கேட்பது? இந்தத் தங்கச்சியின் கொப்பியில் முதலில் எழுத வைத்தது, இது எத்தனையாவது மட்டம் என்ற கேள்வி. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டுமேயான முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப் புள்ளிகள். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 புள்ளிகள். அதற்கு மேலே முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பிறகு பல்கலைக்கழகத்தில் வேலை கேட்கும்போதும், கலாநிதிப் படிப்புக்குப் போகும்போதும் இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும். ஒரே நிறுவனத்தில் இரண்டும் இருக்கலாம் என்பதால் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது மேற்பார்வையாளர். அவரிடம் இப்போது எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள், கடைசியாக முடித்தவர் எத்தனை வருடத்தில் முடித்தார், நீர் மாதிரிகளைச் சோதிக்கும் செலவு யாருடையது. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். காரைநகர்க் கிணறுகளில் எடுத்த நீரைக் கண்டிவரை கொண்டுபோய்ச் சோதிப்பதற்கு ஒவ்வொரு முறையும் கைக்காசு போனால் படிப்பு நடுவழியில் நின்றுவிடும்.

மாணவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. வகுப்பு உண்மையில் எந்த மொழியில் நடக்கிறது, தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட விடுகிறார்களா. இவற்றுக்கு அலுவலகம் சொல்லும் பதிலைவிட கன்ரீனில் கிடைக்கும் பதில் பெறுமதியானது.

அம்மாவுடைய முதல் கேள்வி பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது, ஆனாலும் ஒழியவில்லை. இருந்தாலும் அது முதல் பட்டத்துக்கு வரும் புதுமுகங்களைச் சுற்றி நடக்கும் அநியாயம். வார இறுதியில் வரும் முப்பது வயதுக்காரர்களின் வகுப்பு வேறு உலகம். இதை நான் சொல்லி அவர் நம்பவில்லை. அதனால்தான் அவரும் போக வேண்டும் என்கிறேன். மகள் விரிவுரையாளரைச் சந்திக்கும் நேரத்தில் அம்மா தங்குமிடம் பார்க்கட்டும். வெள்ளி மாலை இருட்டிய பிறகு, வகுப்பிலிருந்து அந்த அறைக்கு இருவரும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

ஆவணப் பையையும் எடுத்துப் போங்கள். எந்தப் பை என்று இடம்பெயர்ந்த வீடுகளுக்கு விளக்கத் தேவையில்லை. 1991இல் பொன்னாலைப் பாலத்தைக் கடந்தபோது இந்த அம்மாவின் கையில் இருந்த பை இன்னமும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. மூலப் பிரதிகளைக் காட்டிவிட்டு, உறுதிப்படுத்திய பிரதிகளை மட்டும் கொடுக்க வேண்டும். பெயரின் எழுத்து பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால், அதை அலுவலகத்தில் இப்போதே காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. பதிவு நாளில் தெரிய வந்தால் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைய நேரம் இருக்காது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தானே, அதை எதற்குப் பார்ப்பது என்றார் அம்மா. பக்கம் என்பது ஏமாற்றும். திருநெல்வேலியில் மாலை வகுப்பு முடியும்போது காரைநகருக்குக் கடைசி பஸ் போய்விட்டதா என்று ஒருநாள் நின்று பார்த்தால்தான் தெரியும். பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். "யாழ்ப்பாணம்" என்று நினைத்து விண்ணப்பித்த துறை எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

சென்னைக்கு இப்போது போவதில்லை என்று முடிவெடுத்தோம். 2023இல் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் தொடங்கியது, பலாலியிலிருந்து விமானமும் உண்டு. ஆனால் அனுமதியும் புலமைப்பரிசிலும் உறுதியாகாமல் அந்தச் செலவு வீண். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தில் படிக்கும் ஒருவரோடு வீடியோ அழைப்பில் பேசினால் இப்போதைக்குப் போதும். அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவானவர்களை மாசி, பங்குனியில் துறைகளே அழைத்து வளாகத்தைக் காட்டுவது வழக்கம். இங்கிருந்து விசா எடுத்துப் போக நாள் காணாது. அப்படி அழைப்பு வந்தால் கூச்சப்படாமல் இணையவழிச் சந்திப்புக் கேளுங்கள். அங்கே நிதியுதவியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவசரப்படுத்தினால் அதை நினைவூட்டலாம்.

போன ஞாயிறு அம்மா கனடாவுக்கு அழைப்பு எடுத்து, மருமகள் பேராதனை பார்க்கப் போகிறாள் என்று அண்ணனுக்குச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, மகாவலியின் மேல் அக்பர் பாலம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டாராம். அதில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பட்டாம்.

வருகிற வியாழன் இரவு கண்டி பஸ்ஸில் இரண்டு இருக்கை பதிந்திருக்கிறார்கள். விரிவுரையாளரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நாளை காலை துறைக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.