தேயாத போனஸ்

தீபாவளி போனஸ் வந்தாச்சா சார்? சட்டப்படி, வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம். அதாவது ஒரு மாசச் சம்பளம். நான் பி.காம்., கணக்கில் புலி!

அந்த வருஷம் போனஸ் மொத்தத்தையும் தவணை டி.வி.க்கு முன்பணமாகக் கட்டினேன். பஸ் சார்ஜுக்குக் கூடக் காசில்லை. ஊருக்குப் போகவில்லை. ''பரவாயில்லடா, பொங்கலுக்கு வா'' என்றார் அப்பா.

பொங்கலுக்கு நான் போனேன். அப்பா இல்லை.

டி.வி. வருஷா வருஷம் தேய்மானமாகி, கடைசியில் காயலான் கடைக்குப் போயாச்சு. சின்ன வயசில், தீபாவளி விடியற்காலை என் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து அரக்கித் தேய்ப்பாரே அப்பா... அந்த உள்ளங்கைச் சூடு மட்டும் இன்னும் தேயவில்லை. எந்தப் பேரேட்டிலும் அதற்குப் பக்கம் கிடையாது.

முதல்ல ஊருக்கு டிக்கெட் எடுங்க சார். டி.வி. அடுத்த வருஷமும் கடையில் இருக்கும்.