உதவிக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால், கரிசல் காடும் சீமைக் கருவேலமுமாக வழி நெடுகக் கூடவே வருகின்றன. பிறகு திருச்சுழி. ஸ்ரீ ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். மழைக்கு வானத்தைப் பார்த்திருக்கும் இந்தச் சீமையின் ஸ்தல புராணம் எதைப் பற்றிச் சொல்கிறது தெரியுமா? வெள்ளத்தைப் பற்றி! பிரளயம் பெருகி வந்தபோது ஈசன் சூலத்தால் தரையைக் குத்தினாராம். வெள்ளமெல்லாம் அந்தத் துவாரத்தில் சுழித்து இறங்கிவிட்டதாம்.

ஒரு கை, ஒரு சூலம், காரியம் முடிந்தது. நம் பாடு அப்படியா? ஆபத்து என்றால் ஆயிரம் கைகள் நீளுகின்றன. அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்? கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரும் பாயசம் கிளறப் போய்விட்டால், சாதம் வடிப்பது யார்?

2004 டிசம்பர் 26. கடல் பொங்கி வந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 உயிர்களுக்கு மேல் கொண்டு போயிற்று. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக உதவி வந்தது. வந்தவற்றில் பெரும் பகுதி என்ன? பழைய துணி! பிறர் உடுத்திக் கழித்ததை மீனவப் பெண்கள் தொட மறுத்தார்கள். மானமுள்ளவர்கள் அல்லவா? துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்தன. அனுப்பியவர்கள் மனத்தில் குறையில்லை. ஆனால் அனுப்புமுன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்பதற்கு ஓர் இடம் வேண்டுமே! மீனவர் மத்தியில் ஏற்கனவே பணி செய்து வந்த ஸ்நேகாவும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்வந்து, கலெக்டர் அலுவலகத்திலேயே ஒரு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. யார் வந்திருக்கிறார்கள், எந்தக் கிராமத்துக்கு எது போயிற்று, எது போகவில்லை என்று விவரம் சேர்த்தார்கள். குடிசை, குடிநீர், பிழைப்பு என்று வேலையைப் பிரித்துப் பேசினார்கள். கிராமங்களில் தகவல் நிலையங்கள் வைத்தார்கள்.

அப்படியும் எல்லாம் சரியாகிவிடவில்லை. படகு கொடுப்பதென்றால் எல்லோருக்கும் ஆசை. படத்துக்கும் அழகாக இருக்கும். ஆகவே சில ஊர்களில் தேவைக்கு மேல் படகுகள் சேர்ந்தன. மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்கும் பெண்ணும், உப்பேறிய வயலில் வேலையிழந்த கூலிக்காரரும் கடைசி வரிசையில் நின்றார்கள். விவரம் சேர்ப்பது வெறும் குமாஸ்தா வேலை அல்ல என்பது இதனால்தான். விட்டுப்போன பெயரைக் கண்டுபிடிப்பதே அதன் தர்மம்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. ரமணர் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1877-ல், தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டையே வாட்டியது. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் வேண்டுகோளைக் கேட்டு இங்கிலாந்து ஜனங்கள் பணம் திரட்டினார்கள். சர்க்கார் செய்யும் வேலையையே நிதிக் கமிட்டியும் செய்யவில்லை. உயிரைக் காக்கும் கஞ்சி சர்க்கார் பொறுப்பு. விதை நெல், உழவு மாடு, இடிந்த வீடு ஆகியவற்றுக்குக் கமிட்டியின் பணம். அமெரிக்காவிலும் 1969-ல் வீசிய கமீல் சூறாவளியில் தர்ம ஸ்தாபனங்கள் தனித்தனியே ஓடிக் களைத்த பிறகு, 1970-ல் ஏழு ஸ்தாபனங்கள் கூடி உட்கார்ந்து பேசின. அதிலிருந்து ஒரு தேசியக் கூட்டமைப்பே பிறந்தது.

திருச்சுழிப் பக்கம் வரும் ஆபத்து அலை போலப் பாய்ந்து வராது; கிணறு கிணறாக, மெள்ள வரும். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஒரு சங்கம் மேலே தூர் வாரி, நடுவில் வரத்துக் காலை யாரும் கவனிக்காவிட்டால் கீழ் ஊர் காய்ந்தபடிதான் கிடக்கும். கூடிப் பேசாமல் தர்மம்கூட வழியில் நின்றுவிடுகிறது!

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் மாதர் சங்கம் மூட்டை கட்டும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும்? வேறு யார் கொடுக்கிறார்கள்? யார் விட்டுப்போனார்கள்? பதில் வந்த பிறகு மூட்டையைக் கட்டுங்கள். ஒரு நாள் தாமதமானாலும், அது போய்ச் சேர வேண்டிய வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்.