ஊர் மாறியவர் யார்?

ஊரைவிட்டுப் போனவர் என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறும் பையன்தான். டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே தேடலாம். பாபநாசத்தில் பிறந்து ஒரத்தநாட்டில் வாழ்க்கைப்பட்ட அத்தை ஒருவர் இருப்பாரே, அரசுக் கணக்கில் அவரும் இடம்பெயர்ந்தவர். வழக்கமாகத் தங்கும் ஊர் மாறினால் போதும். மாவட்டத்தைக்கூடத் தாண்ட வேண்டாம். மத்திய அரசின் 2020-21 தொழிலாளர் ஆய்வுப்படி, நாட்டின் பெண்களில் 47.9 சதவீதம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், ஆண்களில் 10.7 சதவீதம்தான். அந்தப் பெண்களில் நூற்றுக்கு 87 பேர் சொன்ன காரணம் கல்யாணம். பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர்களில் பெண்களே அதிகம் என்று ரேவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885-லேயே இங்கிலாந்தில் எழுதிவிட்டார். ஆனாலும் நமக்கு உறைக்கவில்லை. வந்த ஊரில் அத்தை முப்பது வருஷம் நடவு நட்டு, களை பறித்திருந்தாலும், காரணம் என்ற கட்டத்தில் 'கல்யாணம்' என்றுதான் விழும். வேலை அங்கே மறைந்துபோகிறது.

சரி, திருப்பூர் பையன்? அவன் போவதும் வருவதும் ஆற்றுத் தண்ணீரைப் பொறுத்தது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பிய ஊர்களில் சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்துவிட்டால் கூலி வேலை அருகிவிடும். இரண்டு மூன்று மாதம் திருப்பூருக்கோ, கேரளத்துக் கட்டட வேலைக்கோ போய்விட்டு, தண்ணீர் வரும்போது திரும்புகிறவர்கள் உண்டு. அந்தத் தொழிலாளர் ஆய்விலோ, ஓரிடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால்தான் ஊர் மாறியதாக அர்த்தம். மொய் நோட்டைப் பார்த்துக் கல்யாணக் கூட்டத்தை எண்ணுவது போலத்தான் இது. மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டுப் போனவர் நோட்டில் இருக்கமாட்டார்.

திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. இப்படி இங்கே நடவுக்கு ஆள் குறைந்ததால், சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து குழுக்கள் வந்து ஏக்கர் கணக்கில் பேசி நட்டுத் தருகின்றன. நடவு முடிந்ததும் கிளம்பிவிடுவதால் அவர்களும் இந்த எண்ணிக்கைக்கு வெளியேதான்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில், சம்பா அறுவடை ஓயும் நேரத்தில். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் அங்கேயே பெயரைப் பதியச் சொல்லுங்கள். அத்தையிடம் கேட்டால், பிறந்த ஊரோடு அவர் செய்யும் வேலையையும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள்.