பட்டறை போன ஊர்

தஞ்சைத் தரணியில் பணம் என்பது நெல்லோடு வந்து நெல்லோடு போவது. குறுவை அறுத்தால் கொஞ்சம். சம்பா அறுத்தால் இன்னும் கொஞ்சம். இடைப்பட்ட மாதங்களில் மிராசுதார் வீட்டிலே கூடக் கையிருப்பு என்பது குதிருக்குள் கிடப்பதுதான். காவிரித்தாய் முகம் கொடுக்காத வருஷங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இத்தகைய சீமையில் மாதந்தவறாமல் சம்பளம் பட்டுவாடா செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் என்ன நேரும், வந்தது போய்விட்டால் என்ன நேரும் என்று அறிய விரும்பும் நேயர்கள் நாகப்பட்டினத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

நாகைக்கும் தஞ்சைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1861-ல். தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1897-ல் நாகையில் தங்கள் பட்டறையை நிறுவினார்கள். உலைக்களத்துக் கொல்லனுக்கும் வண்டி பூட்டும் தச்சனுக்கும் கிடைத்த சம்பளம் அவர்கள் வீட்டோடு நின்றுவிடுமா? சம்பளத் தேதியை நம்பி மளிகைக்காரர் பற்று எழுதுவார். மளிகைக்காரரை நம்பி அரிசி மண்டிக்காரர் மூட்டை இறக்குவார். மண்டிக்காரரை நம்பி, ரயிலையே பாராத ஒரு குடியானவன் நெல்லை அளப்பான். பட்டறையின் ஊதல் வயல் வரப்பு வரையில் கேட்கும் என்று நாம் சொன்னால் அது வெறும் அலங்காரமன்று.

ஆனால் நாகை, ரயில் பாதையின் ஓர் ஓரம்; திருச்சியோ பல பாதைகள் கூடும் நடுவிடம். ஆகவே பட்டறை 1928-ல் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. கம்பெனியின் கணக்குப்படி இது மிகவும் நியாயம். மளிகைக்காரரின் பற்று வரவுதான் லண்டன் பங்குதாரர்களின் பேரேட்டில் ஏறவில்லை! அதே சமயம் 3,100 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கவும் கம்பெனியார் திட்டமிட்டனர். தொழிலாளர் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் தென்னாடெங்கும் ரயில்கள் தடைப்பட்டன. தோழர் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை புகுந்தனர். வேலைநிறுத்தம் தோற்றது. வேலை தப்பியவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் குடும்பம் குடும்பமாக மேற்கே சென்றார்கள். கடைமடையில் இருக்கும் நாகைக்குத் தண்ணீரைப் போலவே சம்பளமும் எட்டாமற் போயிற்று. மிஞ்சியது கடல். மீனும், பினாங்குக்குப் போகும் கப்பலுந்தான் அதற்குப் பின் ஊருக்குப் பற்றுக்கோடு.

நாகை இழந்ததைப் பொன்மலை பெற்றது. குடியிருப்புகள் எழுந்தன. பெற்றது சும்மா கிடைக்கவுமில்லை. 1946 செப்டம்பர் 5-ந் தேதி போலீஸார் சுட்டதில் ஐந்து தொழிலாளர் அங்கே உயிர் நீத்தனர். இன்று பட்டறை தேசத்தின் சொத்து. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து 2011-ல் ஓட்டிக் காட்டிய கைகள் அங்குள்ளவை.

இவ்வளவு பெருமையிலும் நமக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான். பட்டறைக் குடும்பங்களுக்காகக் கூடத் தொடங்கிய சந்தை அது. சுற்றுக் கிராமத்தார் கத்தரிக்காயும் கீரையும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். பேரம் பேசுகிறவர்களில் பட்டறைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்களே இப்போது அதிகமாம்!